செதில்: எண்ணி வைத்ததும் தானாய் அமைந்ததும்

ஊர்வனவற்றின் செதில் தோலின் மேல் ஒட்டிய துண்டு அல்ல; தோலேதான். மேல்தோல் ஓரிடத்தில் தடித்து, அடுத்த இடத்தில் மெலிந்து மடியும்போது தடித்த பகுதி செதிலாகிறது. மெலிந்த பகுதி இரு செதில்களுக்கு நடுவே வளைந்து கொடுக்கும் மூட்டாகிறது. மீனின் செதில் இப்படிப்பட்டதன்று. அது அடித்தோலில் விளையும் எலும்புத் தகடு, ஒவ்வொன்றும் தனித்தனி. அதனால்தான் மீனைக் கத்தியால் சுரண்டினால் செதில் தெறித்து விழுகிறது. பாம்பை எப்படிச் சுரண்டினாலும் ஒரு செதில்கூடத் தனியாகக் கழன்று வராது. எறும்புத்தின்னியின் உடலை மூடியிருப்பதும் செதில் என்றே சொல்லப்படுகிறது. ஆனால் அது பாலூட்டி. அதன் செதில் தனி வழியில் தோன்றியது. இங்கே எடுத்துக்கொள்ளப்படுவது ஊர்வனவற்றின் செதிலும், அவற்றோடு நெருங்கிய உறவுள்ள பறவைகளின் கால்செதிலும்.

இவற்றின் மூலப்பொருள் கெராட்டின் என்னும் புரதம். மனித நகத்திலும் முடியிலும் இருப்பது ஆல்ஃபா கெராட்டின். ஊர்வனவற்றுக்கும் பறவைகளுக்கும் அதோடு இன்னொரு வகையும் உண்டு. பீட்டா கெராட்டின் என்று அது வழங்குகிறது. கெட்டியானது, எளிதில் வளையாதது. பாம்பின் செதிலில் வெளிமுகம் பீட்டா வகையால் இறுகியிருக்க, செதில்களுக்கு இடைப்பட்ட தோலில் மென்மையான ஆல்ஃபா வகையே மிகுதி. தன் தலையைவிடப் பெரிய எலியை விழுங்கிய பாம்பைப் பார்த்தால் இது விளங்கும்: வயிறு புடைத்த இடத்தில் செதில் விரிவதில்லை; செதில்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, நடுவே வெளிறிய தோல் தெரிகிறது. பறவையின் அலகும் நகமும் இறகும்கூட இந்த பீட்டா வகைப் புரதத்தால் ஆனவை.

இந்தத் தோல்மடிப்புகள் எத்தனை, எந்த வரிசையில், எந்த வடிவில் அமைகின்றன என்பதற்கு ஒரே விடை இல்லை. சில இடங்களில் அமைப்பு மரபில் எண்ணி வைக்கப்பட்டது. தாய்க்கு எத்தனையோ ஏறக்குறைய அத்தனையே குட்டிக்கும். வேறு சில இடங்களில் வளரும் தோல் இழுபட்டும் நெருக்குண்டும் தானாக ஒரு வடிவத்துக்கு வருகிறது. ஒரே முட்டைத்தொகுதியில் பிறந்த இரண்டு குட்டிகளுக்குக்கூட அது ஒன்றாக இராது. ஒரே விலங்கின் உடலில் இரண்டும் அருகருகே இருப்பதும் உண்டு. செதிலைக் கொண்டு இனம் பிரிக்க முனைபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தாம் பார்ப்பது இவ்விரண்டில் எது என்பதை.

எண்ணி வைத்த அமைப்புக்குப் பாம்பே முதல் சான்று. கார்ல் லின்னேயஸ் 18ஆம் நூற்றாண்டில் பாம்பு இனங்களைப் பிரித்தபோது அவர் பெரிதும் நம்பியது வயிற்றுச் செதில்களின் எண்ணிக்கையையும் வாலடிச் செதில்களின் எண்ணிக்கையையும்தான். சோழமண்டலக் கரையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளராக இருந்த ஸ்காட்லாந்து மருத்துவர் பேட்ரிக் ரஸ்ஸல், 1796இல் இக்கரையின் பாம்புகளைப் பற்றி வெளியிட்ட நூலில் வண்ணப் படங்களோடு இந்த எண்ணிக்கைகளையும் தந்தார். கண்ணாடி விரியனின் அறிவியற்பெயரில் இன்றும் நிற்பது அவர் பெயர். இலங்கையில் பிறந்த மருத்துவர் ஃபிராங்க் வால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய கையேடுகள் நச்சுப்பாம்பையும் நஞ்சற்றதையும் செதிலைக்கொண்டே பிரித்துக் காட்டின. 1943இல் வந்த மால்கம் ஸ்மித்தின் பாம்புத் தொகுதி வரை வழி இதுதான். நிறத்தை இவர்கள் இரண்டாம் இடத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பாம்பின் நிறம் வயதுக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறும். சட்டை உரிக்கும் முன் மங்கும். சாராயப் புட்டியில் வைத்த உடலில் வெளுத்துப்போகும். செதில் எண்ணிக்கை முட்டையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்ததே கடைசிவரை இருக்கும்.

பாம்பின் உடலில் செதில்கள் ஐந்து பகுதிகளாக அமைகின்றன. தலையின் மேல் பெரிய தகடுகள் அல்லது சிறு செதில்கள். உதட்டோரம் ஒரு வரிசை. முதுகிலும் விலாவிலும் பல வரிசைகள். வயிற்றில் குறுக்காக அகன்ற ஒற்றை வரிசை. கழிவாய்க்குப் பின் வாலின் அடியில் வருபவை வாலடிச் செதில்கள். சில இனங்களில் அவை ஒற்றை, சிலவற்றில் இரட்டை. முதுகு வரிசைகளை எண்ணுவது உடலின் நடுப்பகுதியில். வயிற்றுச் செதிலின் ஒரு பக்கத்தில் தொடங்கி, சாய்வாக மேலேறி, முதுகைத் தாண்டி மறுபக்கம் வரை எண்ண வேண்டும். வயிற்றுச் செதில் கணக்கில் சேராது. கட்டுவிரியனில் இது 15 வரும். சாரையில் பெரும்பாலும் 17. நல்ல பாம்பில் 21 முதல் 25 வரை. கண்ணாடி விரியனில் 27 முதல் 33 வரை.

உரித்துப்போட்ட பாம்புச் சட்டை ஒன்று கையில் கிடைத்தால் இந்தக் கணக்கைப் பாம்பின் அருகே போகாமலே போட்டுப் பார்க்கலாம். சட்டை உதட்டோரத்தில் கிழிந்து, பாம்பு வெளியேற வெளியேற உட்புறம் வெளிப்புறமாகப் புரண்டு கழல்கிறது. கண்ணுக்கு இமை இல்லை. அதை மூடியிருக்கும் ஒளிபுகும் செதிலும் சட்டையோடு சேர்ந்தே வந்துவிடும். உடல் நிறம் அதில் பெரும்பாலும் இராது. ஆனால் ஒவ்வொரு செதிலின் விளிம்பும், நடுவே முகடு இருந்தால் அதன் கோடும் அப்படியே பதிந்திருக்கும். சட்டையின் நீளத்தை வைத்துப் பாம்பின் நீளத்தைச் சொல்வது மட்டும் தவறு. கழலும்போது அது நன்றாக இழுபடும். பாம்பு பெரிதோ சிறிதோ, எண்ணிக்கை பிழைக்காது.

கட்டுவிரியனை எடுத்துக்கொள்ளலாம். அதன் முதுகின் நடுவில் ஓடும் வரிசையில் செதில்கள் பக்கத்திலுள்ளவற்றைவிடப் பெரியவை, அறுகோண வடிவம். வாலின் அடியிலுள்ள செதில்கள் ஒற்றை. இதைப் போலவே வெள்ளைப் பட்டைகளோடு வீட்டுச் சுவரேறும் ஓநாய்ப் பாம்புக்கு நஞ்சில்லை. அதன் முதுகு நடுவரிசை பெரிதாக இராது, வாலடிச் செதில்கள் இரட்டை. இரவில் இரண்டையும் நிறத்தால் பிரிக்கப் போனால் தேர்ந்தவரும் ஏமாறுவர். அதற்காக நடுவரிசை பெரிதாயிருந்தாலே கட்டுவிரியன் என்று முடிவுகட்டவும் கூடாது. கொம்பேறி மூக்கனுக்கும் பூனைப் பாம்புக்கும் அந்த வரிசை பெரியதுதான். பெரிய நடுவரிசையும் ஒற்றை வாலடிச் செதிலும் சேர்ந்து வந்தால்தான் கட்டுவிரியன் இனம். நல்ல பாம்பின் அடையாளம் முகத்தில் இருக்கிறது: மேலுதட்டின் மூன்றாம் செதில் உயர்ந்து வளர்ந்து, முன்பக்கம் நாசிச் செதிலையும் பின்பக்கம் கண்ணையும் தொடும். கீழுதட்டில் நான்காம், ஐந்தாம் செதில்களுக்கு நடுவே ஆப்புப் போல ஒரு சின்னஞ்சிறு செதில் செருகியிருக்கும். ராஜநாகத்தின் உச்சந்தலையில் மற்றத் தகடுகளுக்குப் பின்னால் ஓர் இணைத் தகடு கூடுதலாக உண்டு. கண்ணாடி விரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் தலையில் பெரிய தகடே இல்லை, எல்லாம் பொடிச் செதில். ஆனால் இதையும் தனியாக நம்ப முடியாது. நஞ்சற்ற மண்ணுளிப் பாம்பின் தலையிலும் பொடிச் செதில்தான். இவையெல்லாம் இறந்த உடலுக்கும் சட்டைக்கும் உரிய சோதனைகள் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. உயிருள்ள பாம்பின் உதட்டுச் செதிலை எண்ணும் அளவுக்கு அருகில் போனவருக்கு அந்தக் கணக்கால் பயன் ஒன்றும் இராது.

செதிலின் வடிவம் வாழ்க்கைமுறையையும் காட்டிவிடுகிறது. தரையில் ஊரும் பாம்புக்கு வயிற்றுச் செதில்கள் உடலின் அகலத்துக்கு விரிந்திருக்கும். அவற்றோடு இணைந்த தசைகள் தரையைப் பற்றித் தள்ள உதவுகின்றன. மரமேறும் கொம்பேறி மூக்கனுக்கு அதே செதில்களின் இரு ஓரமும் மடிந்து முகடாகி, பட்டையில் பிடிப்புக் கொடுக்கும். தரைக்கு வராத கடற்பாம்புகள் பலவற்றில் அவை சுருங்கி, பக்கத்துச் செதில்களிலிருந்து பிரித்தறிய முடியாத அளவுக்குச் சிறுத்துவிட்டன. சுருட்டை விரியனின் விலாச் செதில்கள் சாய்வாக அடுக்கப்பட்டவை. அவற்றின் முகடுகளில் ரம்பப் பற்கள் உண்டு. அது சுருண்டபடியே உடலோடு உடலைத் தேய்க்கும்போது எழும் சரசரப்பு வாயிலிருந்து வருவதன்று, இந்தச் செதில்களிலிருந்து வருவது. தீபகற்ப இந்தியாவையும் இலங்கையையும் தவிர வேறெங்கும் காணப்படாத கேடயவால் பாம்புகள் ஈரமண்ணுக்குள் வாழ்பவை. அவற்றை வெளியே எடுத்தால் உடல் வானவில் நிறங்களில் மின்னும், மண் ஒட்டியிராது. செதிலின் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத நுண்வரிகள் ஒளியைப் பிரிக்கின்றன. மண்ணை ஒட்டவிடாமல் தடுப்பவையும் அவையே. அதே பாம்பின் வால்நுனிக் கேடயமோ சொரசொரப்பானது. அதில் மண் அப்பி, பின்னால் வளையை அடைக்கும் தக்கை ஆகிறது. ஒரே உடலின் இரு முனைகளில் நேரெதிரான இரு பரப்புகள்.

பாம்பின் வயிற்றுச் செதில்கள் எண்ணிக்கை தவறாமல் இருப்பதற்குக் காரணம் முதுகெலும்பு. பெரும்பாலான பாம்புகளில் ஒரு முள்ளெலும்புக்கு ஒரு வயிற்றுச் செதில். கருவில் முதுகெலும்பும் தசையும் உருவாகும் கட்டைகளுக்குச் சோமைட் என்று பெயர். ஜெனீவா பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குழு 2023இல் அமெரிக்கச் சோளப் பாம்பின் கருக்களைக் கொண்டு வெளியிட்ட ஆய்வு, இந்தச் சோமைட் தரும் இடக்குறிப்பிலிருந்து தொடங்கும் ஒழுங்கு முதுகுச் செதில்களில் தானாகப் பரவுகிறது என்று காட்டியது. அந்தப் பாம்பில் செதிலற்ற ஒரு மரபுவகை உண்டு. முதுகு முழுவதும் வழவழப்பாக இருந்தாலும் அதன் வயிற்றுச் செதில்கள் மட்டும் வரிசை கலையாமல் இருக்கின்றன. கட்டளையிட்ட ஒழுங்கும் தானாய் அமையும் ஒழுங்கும் ஒரே தோலில் எங்கே கைமாறுகின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் விலங்கு அரிது.

பல்லியினங்களில் செதில் பாம்பைவிடப் பலவகைப்படும். அரணையின் செதில்கள் வட்ட விளிம்போடு ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிப் படிந்து எண்ணெய் தடவியது போல் பளபளக்கும். அவற்றின் அடியில் மெல்லிய எலும்புத் தகடுகளும் உண்டு. ஓணானின் செதில்கள் கூர்முனையும் முகடும் கொண்டவை. தோட்டத்து ஓணானின் விலாவில் அவற்றின் முனைகள் பின்னோக்கியும் மேல்நோக்கியும் இருக்கும். இந்தத் திசையே ஓணான் இனங்களைப் பிரிக்கும் அடையாளங்களில் ஒன்று. உடும்பின் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் மணிமணியாக அடுத்தடுத்து நிற்கும். கஞ்சிராவின் முகத்தில் நெடுங்காலம் இழுத்துக் கட்டப்பட்டது இந்தத் தோல்தான். உடும்பு இன்று 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் இருக்கிறது. உடும்புத்தோலில் புதிதாகக் கஞ்சிரா செய்வது குற்றம். ஆஸ்திரேலியப் பாலையின் முட்பல்லி செதில்களுக்கு இடைப்பட்ட நுண்ணிய வாய்க்கால்களால் நீர் குடிக்கிறது: ஈரமணலில் நின்றால் போதும், காலில் பட்ட நீர் தோலின் வழியே வாய்க்கு வந்து சேரும்.

வீட்டுச் சுவர்ப்பல்லியின் கால்விரலடியில் குறுக்காக வரிவரியாகத் தெரிபவையும் செதில்களே. ஒவ்வொரு வரியிலும் மயிரிழைகள் அடர்ந்திருக்கின்றன. பெரிய டோக்கே பல்லியின் ஒரு பாதத்தில் சுமார் 5 லட்சம் இழைகள். ஒவ்வோர் இழையின் நுனியும் நூற்றுக்கணக்கில் பிரிந்து, கரண்டி போல் தட்டையாக முடிகிறது. கெல்லர் ஆட்டம் தலைமையிலான குழு 2000ஆம் ஆண்டில் ஒற்றை இழையின் பற்றுவிசையை அளந்தது. அடுத்த ஆய்வுகள் அங்கே பசையும் இல்லை, உறிஞ்சலும் இல்லை, மூலக்கூறுகளுக்கு இடையிலான வான்டர்வால்ஸ் விசைதான் பல்லியைத் தாங்குகிறது என்று நிறுவின. கெராட்டின் செதிலின் மேலடுக்கு எவ்வளவு தூரம் மாறக்கூடும் என்பதற்கு இது எல்லை.

ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் வாழும் கண்புள்ளிப் பல்லி வேறொரு காரணத்துக்காகப் புகழ்பெற்றது. குட்டியாக இருக்கும்போது அது பழுப்பு நிறம், மேலே வெண்புள்ளிகள். வளர வளர ஒவ்வொரு செதிலும் முழுப் பச்சையாகவோ முழுக் கறுப்பாகவோ மாறி, முதுகெங்கும் சிக்கலான பாதைகள் போன்ற கோலம் உருவாகிறது. மிஷேல் மிலின்கோவிச் தலைமையிலான ஜெனீவா குழு ஆண்டுக்கணக்கில் அதே பல்லிகளின் அதே செதில்களைப் படமெடுத்துத் தொடர்ந்து, 2017இல் முடிவை வெளியிட்டது. செதில் வளர்ந்த பின்னும் நிறம் மாறுகிறது: பச்சை கறுப்பாகிறது, கறுப்பு பச்சையாகிறது. மாறுமா மாறாதா என்பது அதைச் சுற்றியுள்ள செதில்களில் எத்தனை எந்த நிறம் என்பதைப் பொறுத்தது. அண்டைக் கட்டங்களைப் பார்த்து ஒவ்வொரு கட்டமும் தன் நிலையை மாற்றிக்கொள்ளும் கணித அமைப்பை ஜான் வான் நாய்மன் 1940களில் தாளில் வகுத்திருந்தார். அது ஓர் உயிரின் முதுகில் நடந்துகொண்டிருந்தது. உடலில் பரவும் வேதிப்பொருள்கள் ஒன்றோடொன்று வினைபுரிந்து கோலம் உண்டாக்கும் என்பது ஆலன் டூரிங் 1952இல் சொன்னது. அவர் சமன்பாடுகளின்படி அந்தக் கோலம் தொடர்ச்சியாகப் படர வேண்டும். செதில்களுக்கு இடைப்பட்ட தோல் மெலிந்திருப்பதால் தொடர்பு அங்கே தேய்கிறது. படர வேண்டிய கோலம் கட்டம் கட்டமாக வெட்டுண்டு, வான் நாய்மனின் கணக்காகிவிடுகிறது. ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற கணிதவியலர் ஸ்டானிஸ்லாவ் ஸ்மிர்னோவ் இந்த ஆய்வில் பங்குகொண்டதில் வியப்பில்லை.

முதலையின் தலைக்கு வரும்போது எண்ணிக்கை என்பதே பொருளற்றுப் போகிறது. பாம்பின் தலைத்தகடுகள் வலமும் இடமும் ஒத்திருக்கும். முதலையின் முகத்திலும் தாடையிலும் உள்ள கோணல்மாணலான செதில்கள் வலப்பக்கம் ஒருவிதம், இடப்பக்கம் வேறுவிதம். ஒன்றின் கோலம் இன்னொன்றில் வராது. 2013இல் ஜெனீவா குழு நைல் முதலைகளை ஆராய்ந்து, இவை முளைவிட்டு வளர்ந்த செதில்கள் அல்ல, வளரும் எலும்பின்மேல் இறுகிய தோல் காய்ந்த சேறு போல் வெடித்து உண்டானவை என்று எழுதியது. அறிவியலில் அழகான விளக்கம் எப்போதும் சரியான விளக்கமாக இருப்பதில்லை. அதே குழு 2024 இறுதியில் தன் முடிவைத் தானே திருத்திக்கொண்டது: தோல் வெடிக்கவில்லை, மடிந்தது. அடியிலுள்ள எலும்பைவிடத் தோல் வேகமாக வளர்கிறது. இடம் போதாமல் நெருக்குண்டு மடிகிறது. மடிப்புகள் சந்தித்துப் பலகோணச் செதில்களாகின்றன. மேல்தோல் வளர்ச்சியைத் தூண்டும் புரதத்தை முட்டைக்குள் செலுத்திய கருக்களில் தலைத்தோல் மூளையின் மடிப்பு போல் நெளிந்தது. தூண்டுதல் ஓய்ந்தபின் பிறந்த குட்டிகளின் தலையில் கெய்மன் முதலைகளுக்கு உரியது போன்ற சிறு செதில்கள் இருந்தன. ஓரினத்தின் முகம் இன்னோர் இனத்தின் முகம் போல் ஆவதற்கு மரபணு மாற வேண்டியிருக்கவில்லை. தோல் வளரும் வேகம் மாறியதே போதுமானதாக இருந்தது.

முதலையின் கழுத்தும் முதுகும் அப்படியல்ல. அங்கே செதில்கள் வரிசை தவறாதவை, அடியில் எலும்புத் தகடு பொதிந்தவை. அதனால்தான் இனம் பிரிக்கக் கழுத்தைப் பார்க்கிறார்கள். அமராவதி அணையிலும் காவிரியிலும் வாழும் சதுப்புநில முதலைக்குப் பிடரியில் நான்கு செதில்கள் ஒரு வரிசையாக நிற்கும். உவர்நீர் முதலையில் அந்த வரிசை பெரும்பாலும் இராது. தோல் வணிகர் பார்ப்பது வேறொன்றை. முதலைச் செதிலில் ஊசிமுனை அளவில் ஒரு புள்ளி இருக்கும். நீரின் சிறு அசைவையும் உணரும் புலனுறுப்பு அது. முதலைக் குடும்பத்தில் அது உடலெங்கும் உண்டு. அமெரிக்க அலிகேட்டரில் தாடையோடு நின்றுவிடும். வயிற்றுத் தோலில் செய்த கைப்பையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அது எந்தத் தோல் என்பது இந்தப் புள்ளியால் தெரிந்துவிடும்.

ஆமையின் முதுகோடு இரண்டு அடுக்கு. அடியில் எலும்பு, மேலே கெராட்டின் தகடு. இரண்டின் மூட்டுக்கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் விலகியே ஓடுவதால் ஓட்டுக்கு உறுதி கூடுகிறது. பெரும்பாலான ஆமைகளுக்கு நடுவில் 5 தகடுகள், இருபுறமும் நான்கு நான்காகப் பக்கத் தகடுகள், சுற்றிலும் விளிம்புத் தகடுகள். பக்கத் தகடுகளின் எண்ணிக்கை கடலாமைகளைப் பிரிக்கப் பயன்படுகிறது. பச்சை ஆமைக்கும் அழுங்கு ஆமைக்கும் நான்கு இணைகள். ஆனால் அழுங்கு ஆமையில் அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். சென்னைக் கடற்கரையில் குளிர்காலத்தில் முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கு ஐந்துக்குக் குறையாது, ஆறு ஏழு வரைகூட வரும். இடவல எண்ணிக்கை பொருந்தாத ஆமைகளும் சாதாரணம். பெரியதான ஏழுவரி ஆமைக்கு வளர்ந்தபின் தகடே கிடையாது, தோல்தான். நட்சத்திர ஆமையின் ஒவ்வொரு தகட்டிலும் நடுப்புள்ளியிலிருந்து மஞ்சள் கோடுகள் விரிவதற்குக் காரணம், தகடு விளிம்பில் வளையம் வளையமாகச் சேர்ந்து வளர்வது. அந்த வளையங்களை எண்ணி வயது சொல்வது வழக்கம். ஆனால் இரை மிகுந்த ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வளையம் விழலாம் என்பதால் அந்தக் கணக்கை நம்ப முடியாது.

பறவைக்குச் செதில் காலில்தான். கோழியின் காலை முன்புறம் பார்த்தால் கணுவுக்கு மேலிருந்து விரல் வரை அகன்ற தகடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும். பாதத்தின் அடியைத் திருப்பினால் பொடிமணிகள் போன்ற மென்செதில்கள். முன்புறத் தகடுகளில் கெட்டியான பீட்டா கெராட்டின் மிகுதி. அடிப்பாத மணிகளில் ஆல்ஃபா வகையே பெரும்பாலும். கிளிக்கும் வல்லூறுக்கும் கால் முழுவதும் சிறு மணிச்செதில். பூங்குருவி வகைகளில் முன்புறத் தகடுகள் ஒன்றோடொன்று இணைந்து, காலுறை மாட்டியது போல் வழவழப்பாக இருக்கும். மீனையே தின்று வாழும் விராலடிப்பானின் அடிப்பாதச் செதில்கள் முள்முள்ளாக நீண்டவை. வழுக்கும் மீன் பிடியிலிருந்து நழுவாது.

வயல்வெளியில் வானம்பாடியையும் நெட்டைக்காலியையும் பார்த்துக் குழம்பாதவர் குறைவு. இரண்டும் மண்நிறம், இரண்டுக்கும் கோடுகள், இரண்டும் தரையில் நடப்பவை. கையில் பிடித்து வளையமிடும் ஆய்வாளர் காலின் பின்புறத்தைப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். மரமடையும் பறவைகளில் பெரும்பாலானவற்றுக்கு அங்கே இரண்டு நீண்ட தகடுகள் சேர்ந்து கூரான விளிம்பாக முடியும், நெட்டைக்காலிக்கும் அப்படியே. வானம்பாடிக் குடும்பத்துக்கு மட்டும் பின்புறமும் உருண்டு, முன்புறம் போலவே தகடு தகடாகப் பிரிந்திருக்கும். 19ஆம் நூற்றாண்டின் பறவையியலர் வானம்பாடிகளைத் தனிக் குடும்பமாக ஒதுக்கியதில் இந்த அடையாளத்துக்கும் பங்குண்டு. அந்தப் பிரிவு இன்றும் நிலைத்திருக்கிறது. புள்ளிச் சில்லையின் மார்பில் செதில் போலத் தெரிவது செதில் அல்ல என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம்; ஒவ்வொரு வெண்ணிற இறகுக்கும் பழுப்பு விளிம்பு இருப்பதால் வரும் தோற்றம் அது.

பறவையின் கால்செதில் ஊர்வன மூதாதையிடமிருந்து நேரே வந்ததா, இறகாக வேண்டியது பாதியில் நின்றதா என்பது நெடுநாள் வழக்கு. சீனாவில் 1996இல் விவரிக்கப்பட்ட சைனோசாரோப்டெரிக்ஸ், இறகை ஒத்த இழைகள் பறவைகளுக்கு முன்பே டைனோசார்களிடம் இருந்ததைக் காட்டிற்று. சைபீரியாவில் கிடைத்து 2014இல் விவரிக்கப்பட்ட குலிண்டாட்ரோமியஸ் என்னும் டைனோசாரின் உடலில் இழைகளும் வாலில் செதில் தகடுகளும் சேர்ந்தே இருந்தன. இரண்டில் எது முன், எது பின் என்பதைப் புதைபடிவம் மட்டும் தீர்த்துவைக்காது. கருவியல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. இறகும் முடியும் தோலில் தடித்த ஒரு சிறு முளையிலிருந்து தொடங்குகின்றன. ஊர்வனவற்றின் செதிலுக்கு அந்த முளை இல்லை என்றே நம்பப்பட்டது. 2016இல் நிக்கோலா டி-போயியும் மிலின்கோவிச்சும் முதலை, பாம்பு, பல்லிக் கருக்களில் அதே முளையைக் கண்டு காட்டினர். அது சிறிது நேரமே தோன்றி மறைவதால் முன்பு கண்ணில் படவில்லை. தாடிப் பல்லியில் இ.டி.ஏ. என்னும் மரபணு பழுதானால் செதிலே வராது. அதே மரபணு பழுதான மனிதருக்கு முடியும் பல்லும் வியர்வைச் சுரப்பியும் குறைகின்றன. சிந்து மாகாணத்தில் பல்லும் முடியும் மிகக் குறைந்த ஆண்கள் தலைமுறை தலைமுறையாகப் பிறந்த ஒரு குடும்பத்தைப் பற்றி சார்லஸ் டார்வின் 1875இல் எழுதியது இந்தக் குறைபாட்டைத்தான். முடியும் இறகும் செதிலும் ஒரே பழைய முளையின் வேறு வேறு முடிவுகள் என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை.

செதிலுக்கும் இறகுக்கும் இடையிலுள்ள தூரம் கோழிக்கருவில் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. 1980இல் பிரான்சில் டேனியல் துவாய்லியும் குழுவினரும் வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ரெட்டினாயிக் அமிலத்தைக் கருவுக்குக் கொடுத்தபோது கால்செதில்களின் மேல் இறகு முளைத்தது. காலில் இறகு அடர்ந்த நாட்டுக்கோழி, புறா வகைகளை வளர்ப்பவர்கள் நெடுங்காலமாகப் பார்த்துவரும் ஒன்றுதான் இது. பின்னங்காலை முன்னங்கை போல் வளரச் செய்யும் மரபணு மாற்றங்களே அவ்வகைகளில் அதற்குக் காரணம் என்று பின்னர் தெரியவந்தது. 2023இல் ரோரி கூப்பரும் மிலின்கோவிச்சும் சானிக் ஹெட்ஜ்ஹாக் என்னும் சமிக்ஞைப் பாதையைத் தூண்டும் மருந்தை முட்டைக்குள் கருவின் இரத்தக்குழாயில் ஒரே ஒரு முறை செலுத்தினர். பொரித்த குஞ்சுகளின் பாதத்தில், செதில் இருக்க வேண்டிய இடத்தில் தூவி அடர்ந்திருந்தது. மருந்து நீங்கி நெடுநாள் கழித்தும் அவை செதிலாகத் திரும்பவில்லை, கோழிகள் வளர்ந்தபோது மற்ற இறகுகளைப் போலவே வளர்ந்த இறகுகளாயின.